பரவாயில்லீங்க-வுக்கு எத்தனை மார்க்?

2024 நவம்பர் 11, திங்கள்

எங்கள் துறைத்தலைவர் மே மாதத்தோடு ஓய்வு பெறுகிறார். இது ரகசியம். ரகசியம் என்பதால் முதல் பீரியட் முடிவதற்குள் கல்லூரி முழுக்கத் தெரிந்துவிட்டது. இதில் என் பங்கு மூன்றே பேர். மீதியை மற்றவர்கள் பார்த்துக்கொண்டார்கள்.

அடுத்த தலைவர் யார்? சமூகவியல் துறையில் மூத்தவள் நான்தான். பத்தொன்பது வருஷ சர்வீஸ். அந்த நாற்காலி எனக்கு எப்படிப் பொருந்தும் என்று, சார் லீவு போட்ட நாட்களில் உட்கார்ந்தும் பார்த்திருக்கிறேன். பொருந்துகிறது. ஆனால் நிர்வாகம் சுற்றறிக்கையில் போட்டுவிட்டது: ஏப்ரல் முடிவதற்குள் முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பிப்பவருக்கே பதவி.

நான் ஆய்வுக்குப் பதிவு செய்து எவ்வளவு காலமாகிறது என்பதை இங்கே எழுதப்போவதில்லை. என் நாட்குறிப்பே என்னைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது.

போட்டிக்கு இருப்பவள் சாய்ப்ரியா. என்னைவிட எல்லாவற்றிலும் ஜூனியர். என்னை அக்கா என்று கூப்பிடுகிறாள், என் டிபன் பாக்ஸில் பாதியைச் சாப்பிடுகிறாள், சோமனூர் விசைத்தறிக்காரர்களைப் பற்றி நான்கு அத்தியாயம் முடித்துவிட்டாள். நல்ல பெண். நல்ல பெண்ணை வெறுப்பது எவ்வளவு சிரமமான வேலை!

என் தலைப்பும் மோசமில்லை. கிணத்துக்கடவு பக்கம் தேங்காய் மட்டையை அடித்து நாராக்கும் மஞ்சி மில்களில் வேலை செய்கிற பெண்கள். அவர்களில் சிலர் சொந்த ஸ்கூட்டியில் வேலைக்கு வருகிறார்கள், சிலர் கம்பெனி வேனில். ஸ்கூட்டிக்காரிகள்தான் வாழ்க்கையில் அதிகத் திருப்தியோடு இருக்கிறார்கள் என்று நான் நிரூபிக்க வேண்டும். நாற்பது தாண்டி ஸ்கூட்டி கற்றுக்கொண்டு, இரண்டு கோழிகளையும் ஒரு காம்பவுண்டு கேட்டையும் பயமுறுத்தியவள் என்ற முறையில் எனக்கு இதில் சந்தேகமே இல்லை. சந்தேகமில்லாததை எதற்கு ஆராய்வது என்று யாரும் கேட்கக் கூடாது.

என் வழிகாட்டி ஆறுச்சாமி சார் இன்று என் மூன்று அத்தியாயங்களையும் திருப்பிக் கொடுத்தார்.

"ஏனுங் மேடம், கதையெல்லாம் அருமையா எழுதியிருக்கீங்க. படிக்கப் படிக்கச் சிரிப்பு வருது. ஆனா நம்பர் எங்கீங்க?"

நம்பர். நான் பத்தாம் வகுப்போடு கைகழுவிய சாமான்.

நவம்பர் 14

புள்ளியியல் துறையில் இஃப்ரா என்று ஒரு பெண். முப்பது வயதிருக்கும். சொல்லித்தரச் சம்மதித்தாள், ஒரு நிபந்தனையோடு: "மேம், கிளாஸ் நடக்கறப்ப யார் ஊட்டுக் கதையும் பேசக் கூடாதுங்க."

சரி என்றேன். கெமிஸ்ட்ரி வாத்தியார் விவாகரத்து விஷயத்தில் மட்டும் லேசாக வழுக்கிவிட்டேன். உடனே எழுந்துகொண்டேன்.

இன்றைய பாடம்: நல் ஹைப்போதிசிஸ். அவள் பலகையில் ஆங்கிலத்தில் எழுத, நான் நோட்டில் தமிழில் எழுதிக்கொண்டேன். நல்வரவு, நல்வாழ்த்து, நல் ஹைப்போதிசிஸ்.

"இதைத்தான் நாம ரிஜெக்ட் பண்ணப் பாக்கறோம் மேம்."

"நல்லதை எதுக்குக் கண்ணு ரிஜெக்ட் பண்றது?"

இஃப்ரா சாக்பீஸைக் கீழே வைத்தாள். என்னையே பார்த்தாள்.

"மேம்... நல்-னா 'ஒண்ணுமில்லை'ன்னு அர்த்தம். வேனுக்கும் ஸ்கூட்டிக்கும் வித்தியாசமே இல்லைன்னு முதல்ல வெச்சுக்குவோம். டேட்டா அதுக்கு ஒத்து வரலைன்னாத்தான் அதைத் தூக்கிப் போடுவோம்."

மூன்று கருத்தரங்குகளில் 'எனது நல்ல கருதுகோள்' என்று பேசியிருக்கிறேன். மூன்றிலும் கைதட்டினார்கள். ஒன்றில் சால்வை வேறு.

நவம்பர் 15

பாடப்புத்தகத்தில் ஓர் அத்தியாயத் தலைப்பு: திட்ட விலக்கம். ஆஹா, திட்டுவதிலிருந்து எனக்கு விலக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று ஆவலாகத் திறந்தேன். உள்ளே வர்க்கமூலம்.

நவம்பர் 23, சனி

கிணத்துக்கடவு. ஜூனில் தொடங்கியது, இன்றோடு இருநூறு பெண்களையும் கேட்டு முடித்தாயிற்று. தலைமுடியெல்லாம் நார்த்தூசி. வீட்டுக்குள் நுழைந்ததும் என் வீட்டுக்காரர், "யாருங்க, யாரைப் பாக்கணும்?" என்றார். இவருக்கு வருஷத்துக்கு ஒரு ஜோக் வரும். இந்த வருஷத்துடையது வந்துவிட்டது.

கேள்விகள் பத்து. ஒவ்வொன்றுக்கும் ஐந்து பதில்: முற்றிலும் உடன்படுகிறேன், உடன்படுகிறேன், நடுநிலை, மறுக்கிறேன், முற்றிலும் மறுக்கிறேன். ஐந்திலிருந்து ஒன்று வரை மார்க். புத்தகத்தில் பார்த்தால் எவ்வளவு நேர்த்தி! சின்னாத்தாளிடம் போய் இதைப் படித்துக் காட்டினேன். வேன் கோஷ்டி, நாரைக் கட்டுக் கட்டுகிற வேலை.

"மறுக்கறதுன்னா சண்டைக்குப் போற மாதிரிங்களே அம்மணி. இத்தனை தூரம் தேடி வந்து கேக்கறீங்க. இல்லைன்னு சொன்னா நல்லாவாங்க இருக்கும்?"

"நெசத்தைச் சொல்லுங்க. உங்க வாழ்க்கை திருப்தியா இருக்குதுங்களா?"

"பரவாயில்லீங்க."

இதுதான். இருநூறு பேரில் பெரும்பாலோருக்குப் பத்துக் கேள்விக்கும் இதே பதில். பரவாயில்லீங்க என்று மார்க் பட்டியலில் ஒரு கட்டம் இல்லை. இது என்ன சாதாரணச் சொல்லா? கல்யாணச் சாப்பாடு பிரமாதமாக இருந்தாலும் பரவாயில்லீங்க. காலில் மாவுக்கட்டுப் போட்டுப் படுத்திருந்தாலும் பரவாயில்லீங்க. மருமகன் எப்படி என்றால் பரவாயில்லீங்க; அது எந்தப் பரவாயில்லை என்று சொல்கிறவரின் மூக்கைப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

ஆனால் நான் இந்த ஊர்க்காரி. எனக்குக் காது இருக்கிறது. இழுத்துச் சொன்னால் ஒன்று, வெடுக்கென்று சொன்னால் ஒன்று. கேட்ட மாத்திரத்தில் நானே மார்க் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். எல்லாரையும் போனில் ஒலிப்பதிவும் செய்திருக்கிறேன், அவர்கள் சம்மதத்தோடுதான். ("பாட்டு வேணாலும் பாடட்டுங்களா?")

டிசம்பர் 9

சாய்ப்ரியா ஐந்தாவது அத்தியாயத்தையும் முடித்துவிட்டாள்! எப்படி என்றால், காந்திபுரத்தில் ஜெராக்ஸ் கடைக்கு மாடியில் டேட்டா கதிரேசன் என்று ஒருவராம். ஆய்வு மாணவர்களுக்கெல்லாம் அவர்தான் குலதெய்வமாம். சும்மா எட்டிப் பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன். சும்மாதான்.

"வாங்க மேடம். எத்தனை ஸ்டாருங்க?"

நான் ஏதோ ஹோட்டலுக்குள் நுழைந்துவிட்டேனோ என்று பார்த்தேன். பிறகுதான் புரிந்தது. கிடைத்த வித்தியாசம் தற்செயலாக வந்திருக்காது என்றால் அட்டவணையில் அந்த எண்ணின் தலையில் ஒரு நட்சத்திரம் போடுவார்கள். இன்னும் உறுதி என்றால் இரண்டு.

"ஒரு ஸ்டார் போட்டா கைடு ஒத்துக்குவாருங்க. ரெண்டு போட்டா வெளியில இருந்து வர்ற எக்ஸாமினரும் ஒத்துக்குவாரு. மூணு வேண்டாமுங்க, கண்ணு பட்டுரும்."

"டேட்டாவுல அது வரலைன்னா?"

"வராம எங்கீங்க போயிரும்? நாம வர வெப்பமுங்க."

எவ்வளவு அன்பான மனிதர். யோசித்துச் சொல்கிறேன் என்று இறங்கி வந்தேன். படியிறங்கும்போது யோசித்தேன் என்பதையும் எழுதிவிட வேண்டும்.

டிசம்பர் 20, வெள்ளி

இரண்டு ஸ்டார்!!

கதிரேசன் இல்லாமல்! நானே! என் விரலால்! இஃப்ரா பக்கத்தில் நின்று எங்கே அமுக்க வேண்டும் என்று மட்டும் சொன்னாள். டி-டெஸ்ட், அதாவது இரண்டு சராசரிகளை ஒப்பிடுகிற கணக்கு. வேன் சராசரி ஒரு பக்கம், ஸ்கூட்டி சராசரி ஒரு பக்கம், நடுவில் தலையில் இரட்டைப் பூ வைத்த என் செல்ல நம்பர். ஸ்கூட்டிக்காரிகள்தான் அதிகத் திருப்தி. நான் சொன்னேனா இல்லையா!

ஆறுச்சாமி சாருக்குப் போன் போட்டேன். "அப்படிப் போடுங்க மேடம்! மளமளன்னு எழுதிப்போடுங்க. மார்ச்சுல குடுத்துரலாமுங்க."

வீட்டில் சொன்னேன். "பாஸா?" என்றார் இவர்.

"அதுல பாஸ், பெயில் எல்லாம் கிடையாதுங்க. பி வேல்யூ பாயிண்ட் ஜீரோ ஜீரோ நாலு."

"நூத்துக்கா?"

2025 ஜனவரி 2

புதுவருஷ இனிப்போடு இஃப்ராவைப் பார்க்கப் போனேன். அவள் மைசூர்பாகைக் கடித்துக்கொண்டே என் கோப்பைப் பார்த்தாள். திடீரென்று மெல்வதை நிறுத்தினாள்.

"மேம், இந்த 'பரவாயில்லீங்க'ன்னு சொன்னவங்களுக்கு என்ன மார்க் போட்டீங்க?"

"அது ஆளைப் பொறுத்துக் கண்ணு. குரலைப் பொறுத்து."

"மார்க் போடறப்ப அவங்க வேனா ஸ்கூட்டியான்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம? ஸ்கூட்டிக்காரங்க ஹெல்மெட்டோட நிப்பாங்க."

இஃப்ரா மீதி மைசூர்பாகைத் தட்டிலேயே வைத்துவிட்டாள்.

ஜனவரி 4

இஃப்ரா முப்பது பேருடைய ஒலிப்பதிவிலிருந்து 'பரவாயில்லீங்க' என்ற ஒரு சொல்லை மட்டும் வெட்டி, குலுக்கி, பேரில்லாமல் வரிசையாகப் போட்டுக் காட்டினாள். யார் வேன், யார் ஸ்கூட்டி, எதுவும் தெரியாது. காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு மறுபடி மார்க் போட்டேன். ராஜகுமாரி மாதிரி உட்கார்ந்து போட்டேன்.

பிறகு பழைய மார்க்கையும் புது மார்க்கையும் ஒப்பிட்டாள். இரண்டு பேர் மார்க் போட்டால் இருவருக்கும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று அளக்க ஒரு கணக்கு இருக்கிறது. முழுக்க ஒத்துப்போனால் ஒன்று. சும்மா குருட்டாம்போக்கில் போட்டால் பூஜ்யம்.

எனக்கும் எனக்கும் பாயிண்ட் ஜீரோ ஒன்பது.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் எனக்கும் இவருக்கும்கூட இதைவிட அதிகம் வரும்.

ஒரு குரல் வந்தது. அடடா, என்ன நிறைவு, என்ன நிம்மதி என்று அஞ்சு போட்டேன். அது பாவாத்தாள். வேன். நவம்பரில் அதே குரலைக் கேட்டு 'ஐயோ பாவம்' என்று ரெண்டு போட்டிருக்கிறேன். அந்த அம்மா இரண்டு முறையும் ஒன்றேதான் சொன்னார். நான்தான் ஹெல்மெட்டைப் பார்த்து மார்க் போட்டிருக்கிறேன்.

அந்த இரண்டு ஸ்டார் மஞ்சி மில்லில் வேலை செய்யவில்லை. என் மண்டைக்குள் வேலை செய்கிறது.

ஜனவரி 5

யாருக்கும் தெரியாது. இஃப்ராவுக்கு மட்டும்தான் தெரியும். அவள் கதை பேச மாட்டாள்.

ஜனவரி 13, போகி

வீட்டைச் சுத்தம் பண்ணும் சாக்கில் நாள் பூராவும் யோசனை.

அப்படியே விட்டால் என்ன? மார்ச்சில் கொடுக்கலாம். மே மாதம் நாற்காலி. மெனக்கெட்டா செய்தேன்? கதிரேசனிடம் போனேனா? இல்லையே. என் காதால் கேட்டு, என் கையால் போட்ட மார்க். உலகத்தில் எந்த எக்ஸாமினர் கிணத்துக்கடவுக்கு வந்து, 'ஏம்மா, நீ சொன்ன பரவாயில்லை எந்தப் பரவாயில்லை?' என்று கேட்கப்போகிறார்?

மறுபடி இருநூறு பேரையும் கேட்டால் ஏப்ரலுக்குள் முடியவே முடியாது. சாய்ப்ரியா உட்காருவா. நான் எந்திரிச்சு நின்னு லீவு லெட்டர் நீட்டணும். பத்தொம்பது வருஷம்டி லட்சுமி! உனக்கு என்ன பைத்தியமா புடிச்சிருக்குது? எல்லாரும் அப்படித்தான் செஞ்சுபோட்டுப் போறாங்க—

இவரிடம் சொல்லிப் பார்த்தேன். பொறுமையாகக் கேட்டார். "இதுல உனக்கு என்ன கஷ்டம்? நீ சொல்ற கதையெல்லாம் அப்படித்தானே? கொஞ்சம் சேத்துத்தானே சொல்லுவே?"

உண்மைதான். அதனால்தான் இன்னும் கோபம் வந்தது.

ஜனவரி 20, திங்கள்

பொங்கல் லீவு முடிந்து ஆறுச்சாமி சார் அறைக்குப் போனேன். உட்காரவில்லை.

"சார், அந்த ரெண்டு ஸ்டார் டேட்டாவுது இல்லீங்க. என்னுதுங்க."

விளக்கினேன். பொறுமையாகக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"யாராச்சும் கேட்டாங்களா?"

"இல்லீங்க சார்."

"இனிமே கேப்பாங்களா?"

"கேக்க மாட்டாங்க."

"அப்பறம் ஏனுங்க மேடம்?"

இதற்கு ஒரு நல்ல பதில் தயார் பண்ணிக்கொண்டு போயிருந்தேன். அறிவியல் நேர்மை, அது இது என்று. வாயில் வந்தது வேறு.

"நான் ஊருல எல்லார் கதையையும் கூட்டிக் கொறைச்சுத்தானுங்க சார் சொல்லுவேன். எல்லாரும் தெரிஞ்சேதான் கேக்கறாங்க, பாதியைத் தள்ளிட்டுக் கேக்கறாங்க. ஆனா இதை யாரும் தள்ளிட்டுக் கேக்க மாட்டாங்களே. நம்பர்னா அப்படியே நம்பீருவாங்களே. அந்தப் பொம்பளைங்க சொல்லாததைச் சொன்னதா நான் எழுதிப்போட்டா..."

கால நீட்டிப்பு விண்ணப்பத்தை எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

"நாற்காலி போயிருமுங்க மேடம்."

"தெரியுமுங்க."

விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடிக்கொண்டே சொன்னார்: "நானெல்லாம் என் பிஎச்டிக்கு மார்க்கு யார் போட்டாங்கன்னே பாக்கலீங்க." பிறகு, அதைச் சொல்லியிருக்கக் கூடாது என்பது போல ஃபேனைப் பார்த்தார்.

ஜனவரி 25

நாற்காலி போகட்டும் என்று ஒரு முறை சொல்லிவிட்டால் ஆசையும் விட்டுப்போய்விடும் என்று நினைத்தேன். இன்று ஸ்டாஃப் ரூமில் சாய்ப்ரியா புது நாற்காலிக்குப் புது குஷன் பார்த்துக்கொண்டிருந்தாள், போனில். "அக்கா, நீலம் நல்லாருக்குங்களா, மெரூன் நல்லாருக்குங்களா?"

மெரூன் என்றேன். நீலம்தான் நன்றாக இருந்தது.

பிப்ரவரி 8, சனி

மறுபடி கேட்பது சரி. எப்படிக் கேட்பது? எப்படிக் கேட்டாலும் பரவாயில்லீங்கதானே? இஃப்ராவும் நானும் மூன்று வாரமாக மண்டையை உடைத்துக்கொண்டதற்கு விடை இன்று கம்பெனி வேனில் கிடைத்தது.

வேனில் அவர்கள் எப்படிப் போகிறார்கள் என்று பார்க்க, மில்காரரிடம் சொல்லிவிட்டு ஏறினேன்.

"தள்ளி உக்காரு பாவா, படிச்சவங்க வாராங்க," என்றார் சின்னாத்தாள்.

"படிச்சவங்க இல்லீங்க. படிச்சுட்டே இருக்கறவங்க."

வேன் முழுக்கச் சிரிப்பு. பாவாத்தாள் பக்கத்தில் இடம் கிடைத்தது.

"ஏனுங்க, வேலையெல்லாம் எப்படிங்க போகுது?"

"பரவாயில்லீங்க."

அவ்வளவுதான். சுவர். நானும் விட்டுவிட்டேன். ஆய்வை மறந்து, பழக்க தோஷத்தில், குரலைத் தணித்து முன் சீட்டுச் சின்னாத்தாளைக் கண்ணால் காட்டினேன்.

"அவிங்களுக்கு எப்படிங்க?"

"அவளுக்கா! அதையேனுங்க கேக்கறீங்க!"

அணை திறந்துவிட்டது. முதுகு வலி, மகன் அனுப்பாத பணம், சூப்பர்வைசர் பேசுகிற பேச்சு, அதைச் சின்னாத்தாள் வாங்கிக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு, போன மாசம் மருமகளோடு சமாதானமாகி இருவரும் ஒரே கலரில் சேலை எடுத்தது. நல்லது, கெட்டது, அத்தனையும். அந்த அம்மா பேசப் பேச எனக்குப் புல்லரித்தது. ஏனென்றால் பாவாத்தாளுக்கும் முதுகு வலி. பாவாத்தாளுக்கும் மருமகள் உண்டு.

திரும்பி வரும்போது சின்னாத்தாள் பக்கத்தில் உட்கார்ந்து பாவாத்தாளைப் பற்றிக் கேட்டேன். அதே முதுகு. அதே சூப்பர்வைசர்.

இஃப்ராவுக்கு வேனிலிருந்தே போன். "கண்ணு! அவங்களைப் பத்தி அவங்களைக் கேக்கக் கூடாது. அவங்களை மாதிரியே இருக்கற இன்னொருத்தரைப் பத்திக் கேக்கணும்! அந்தச் சாக்குல அவங்க கதையைத்தான் சொல்றாங்க!"

"மேம், இதுக்குப் புத்தகத்துலயே பேரு இருக்குங்க. மறைமுகக் கேள்வி முறை."

"எங்க தெருவுல இதுக்குப் புறணின்னு பேரு."

முதல்முறையாக இஃப்ரா வாய்விட்டுச் சிரித்தாள். நாற்பத்தொன்பது வருஷமாக நான் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தது ஓர் ஆய்வு முறைக்குத்தான் என்பது இன்றுதான் தெரிந்தது.

மார்ச் 16, ஞாயிறு

ஒவ்வொரு சனி, ஞாயிறும் மில். நூற்றிருபது பேர் போதும் என்று இஃப்ரா கணக்குப் போட்டுச் சொன்னாள். 'உங்களை மாதிரியே வேனில் வருகிற ஓர் அம்மா', 'உங்களை மாதிரியே ஸ்கூட்டியில் வருகிற ஓர் அம்மா' — அவ்வளவுதான் கேள்வி. பரவாயில்லீங்க என்று இதுவரை ஒருவர்கூடச் சொல்லவில்லை. அடுத்தவர் வாழ்க்கை யாருக்குத்தான் பரவாயில்லை?

ஒலிப்பதிவை நான் எழுத்தாக்குகிறேன். வேன், ஸ்கூட்டி, வண்டி என்ற சொற்கள் வருகிற இடத்தையெல்லாம் இஃப்ரா அடித்துவிடுகிறாள். பிறகு, இந்த மில்களைக் கண்ணால் பார்த்தே இராத அவளுடைய இரண்டு மாணவிகள் தனித்தனியாக மார்க் போடுகிறார்கள். என்னை அந்த அறைப் பக்கமே விடுவதில்லை. "உங்க முகத்தைப் பாத்தே கண்டுபிடிச்சிருவாங்க மேம்."

மாணவிகள் இருவருக்கும் ஒத்துப்போனது பாயிண்ட் எட்டு ஒன்று. பொறாமையாக இருக்கிறது.

ஏப்ரல் 11, வெள்ளி

டி-டெஸ்ட். இந்த முறையும் நானேதான் அமுக்கினேன்.

ஒரு ஸ்டார்.

வேன் பக்கம்.

மறுபடி பார்த்தேன். இரண்டு குழுவின் பெயரும் மாறிப்போயிருக்கும் என்று இஃப்ரா மூன்று முறை சரிபார்த்தாள். மாறவில்லை. வேனில் போகிற பெண்கள்தான் அதிகத் திருப்தியாக இருக்கிறார்கள். கொஞ்சம்தான். ஆனால் இருக்கிறார்கள்.

எப்படி? எப்படி இருக்க முடியும்? உட்கார்ந்து எல்லாப் பேச்சையும் மறுபடி படித்தேன். கயல்விழி என்று ஒரு ஸ்கூட்டிக்காரி, 'இன்னொரு அக்கா'வைப் பற்றிச் சொன்னது:

"அந்தக்கா வண்டி வாங்குனதுல இருந்து அவிங்க ஊட்டுல யாருக்கும் காலே இல்லீங்க. மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டீட்டுப் போறது, பையனை டியூசன்ல விடறது, ரேசன் கடை, மாவு மில்லு, அல்லாத்துக்கும் அவதானுங்க. வண்டிதான் இருக்குதுல்ல, போயிட்டு வான்னு சொல்லிப்போடறாங்க."

வேன்காரி ஒருத்தி சொன்னது ஒரே வரி:

"வேன்ல ஏறி உக்காந்துட்டா எறங்கற வரைக்கும் அவளை யாரும் ஒண்ணும் ஏவ முடியாதுங்களே."

கல்லூரி மகளிர் தின விழாவில் வருஷா வருஷம் நான் பேசுகிற தலைப்பு: 'இரு சக்கரத்தில் விடுதலை'. இந்த வருஷமும் பேசினேன். போன மாதம்தான்.

வீட்டுக்கு வந்து இவரை உட்கார வைத்து முழுவதும் படித்துக் காட்டினேன். ரொம்பக் கவனமாகக் கேட்டார். "அட, ஆமா," என்றார். "பாவம், இந்தப் பொம்பளைங்க." பிறகு, "நாளைக்கு வெளிய போறப்ப அப்படியே டவுன்ஹால் பக்கம் போயி அந்த மோட்டார் பேரிங்கை வாங்கீட்டு வந்துரு. வண்டியிலதானே போறே?"

அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தாமாகவே, "நானே போயிக்கறேன்," என்றார்.

ஏப்ரல் 15

ஆறுச்சாமி சார்: "அப்ப உங்க கருதுகோள் தப்பாப் போயிருச்சுங்களா மேடம்?"

"தப்பாப் போனதைச் சரியாக் கண்டுபுடிச்சிருக்கேனுங்க சார்."

"அடேங்கப்பா," என்றார். என்ன அர்த்தத்தில் என்று கேட்டுக்கொள்ளவில்லை.

ஏப்ரல் 30

இன்று கடைசி நாள். சாய்ப்ரியா சமர்ப்பித்துவிட்டாள். எல்லாருக்கும் பால்கோவா. எனக்கு இன்னும் இரண்டு அத்தியாயம் இருக்கிறது.

பால்கோவா நன்றாக இருந்தது. அதுதான் எரிச்சல்.

ஜூன் 16, திங்கள்

கல்லூரி திறந்தது. துறைத்தலைவர் அறையில் மெரூன் குஷன். கையெழுத்துக்கு லீவு லெட்டரை நீட்டினேன். சாய்ப்ரியா எழுந்து நின்று கையெழுத்துப் போட்டாள். உட்கார்ந்து போட்டிருந்தால் கோபப்பட்டிருக்கலாம்.

செப்டம்பர் 19

என் ஆய்வேடு போய்ச் சேர்ந்துவிட்டது. ஐந்து படிகள், கறுப்பு அட்டை, தங்க எழுத்து. பல்கலைக்கழகத்தில் வாங்கிவைத்த ஊழியர் தலைப்பைப் படித்துவிட்டு, "வேன்தானுங்க நல்லது," என்றார், நான் எதுவும் கேட்காமலே.

அக்டோபர் 6, திங்கள்

மத்தியானம் சாய்ப்ரியா கூப்பிட்டனுப்பினாள். அறைக் கதவைச் சாத்தினாள். குஷனில் உட்காரவில்லை. எனக்கு எதிரே வந்து, மாணவர்கள் உட்காருகிற ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"அக்கா, எக்ஸாமினர் ரிப்போர்ட் வந்துருச்சுங்க. அட்டவணை எல்லாத்துலயும் ரெண்டு ஸ்டார் இருக்கே, மூலத் தரவைக் காட்டுன்னு எழுதியிருக்காருங்க. என்னங்கக்கா சொல்றது?"

"சோமனூர்ல எத்தனை பேரைக் கண்ணு கேட்டே?"

மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த டைம்டேபிளைப் பார்த்தாள்.

"அறுபது பேருங்க."

ஆய்வேட்டில் முந்நூறு.

"மிச்சம்?"

"கதிரேசன் சார் வர வெச்சாருங்க," என்றாள். எதிரே இருப்பவள் துறைத்தலைவர் மாதிரியே இல்லை. என் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டு உட்காருவாளே, அந்தப் பெண் மாதிரி இருந்தாள்.

"அந்த அறுபதை எடு," என்றேன். "அது நெசம்தானே? எக்ஸாமினருக்கு அறுபதுதான் கேட்டேன்னு எழுது. அவரு என்ன பண்ணுவாரோ பண்ணட்டும். இன்னும் அவகாசம் குடுத்தாருன்னா சனிக்கிழமை சோமனூருக்கு நானும் வாரேன். எப்படிக் கேக்கறதுன்னு சொல்லித்தாரேன்."

"பதவி போயிருமுங்களே அக்கா."

"போனாலும் போகும்," என்றேன். பொய் சொல்ல வரவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பீரோவைத் திறந்து அந்த அறுபதையும் எடுத்தாள். இரண்டு பேரும் கடைசி பீரியட் வரை அதைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

பத்தொன்பது, இல்லை, இருபது வருஷ சர்வீஸில் இவ்வளவு பெரிய செய்தி என் கையில் கிடைத்ததே இல்லை. ஸ்டாஃப் ரூமில் நான்கு பேர் ஆவலாகத் திரும்பினார்கள்.

"என்னங்க மேடம், கதவைச் சாத்திட்டு அத்தனை நேரம்?"

"மழை வரும் போல இருக்குதுங்க," என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.